ஃபென்னாவின் முடி என்ன நிறம்

ஹார்மன் கோபக்காரன். அவனே இதை ஒப்புக்கொள்வான். அவன் மனைவி யோரீனோ யாரும் கேட்காமலேயே சொல்வாள். டொக்கும் என்ற ஊரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது அவன் பிழைப்பு. வேலைக்குக் கூப்பிட்டவர்கள் "சும்மா வெள்ளை அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், ஏணியிலிருந்து இறங்கி வந்து சண்டைக்கு நிற்பான். "எந்த வெள்ளை? பால் வெள்ளையா, எலும்பு வெள்ளையா, முட்டை ஓட்டு வெள்ளையா? சும்மா வெள்ளைன்னு ஒரு நிறமே கிடையாதுங்க" என்பான். நிற அட்டையை அவர்கள் கையில் திணித்து, ஜன்னலோரம் நிற்கவைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்த பிறகுதான் டப்பாவின் மூடியைத் திறப்பான்.

இப்படிப்பட்டவனிடம் ஒரு பிப்ரவரி மாதத்தில் அவன் மகளின் படங்களை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் கருப்பு வெள்ளை.

ஃபென்னா உயிரில்லாமல் பிறந்தாள். மாதம் நிறைந்து, தொட்டிலுக்கு அடித்த பெயின்ட் காய்ந்து, எல்லாம் தயாராக இருந்த நேரத்தில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையை விட்டுப் பிய்த்துக்கொண்டது. யோரீனுக்கு மயக்க மருந்து கொடுத்து அவசரமாக அறுத்தார்கள். பிள்ளை போய்விட்டது, ரத்தம் நிற்கவில்லை. ஹார்மன் இரண்டு மாடிகளுக்கு நடுவே படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தான். மேலே மனைவி பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. கீழே ஓர் அறையில் மகள் துணியில் சுற்றிக் கிடந்தாள். இங்கே இருந்தால் அங்கே இல்லையே என்று இருந்தது, அங்கே போனால் இங்கே இல்லையே என்று இருந்தது.

அந்த ஓட்டத்தின் நடுவில் நர்ஸ் ஒருத்தி, படம் எடுக்க ஒருவரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாள். இப்படிப் பிறக்கும் குழந்தைகளைக் காசு வாங்காமல் வந்து படமெடுத்துக் கொடுக்கிறவர்கள் இந்த நாட்டில் உண்டு. ஹார்மன் தலையாட்டியிருக்கிறான். அது அவனுக்கு நினைவில்லை. ரென்ஸ்கே என்ற ஒரு பெண்மணி வந்து, சத்தம் போடாமல் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

யோரீன் பிழைத்தாள். அவள் கண்விழித்து மகளைக் கையில் வாங்கியபோது உடம்பெல்லாம் மார்ஃபின். அதனால் அவளுக்கு நினைவில் நின்றது கனம் மட்டும்தான். "கனமா இருந்தா ஹார்மன். கை வலிக்கிற அளவுக்கு" என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள். மகளின் முகம் நினைவில் கலங்கிப் போயிருந்தது. தலையில் ஆஸ்பத்திரிக் குல்லா வேறு. அடக்கத்துக்கு அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது பெட்டியை மூடியாகிவிட்டது.

ஏப்ரலில் ஒருநாள், சாப்பாட்டு மேசையில் அந்த உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"குல்லா இல்லாம ஒரு படம் இருக்கு பாரு. இதுல முடி நல்லாத் தெரியுது. என்ன நிறம்?"

"பழுப்பு" என்றான் ஹார்மன்.

சில நாள் கழித்து அதே கேள்வியை வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "வெளிர் நிறம்தான், வைக்கோல் மாதிரி" என்று அவன் சொல்லிவிட்டான். யோரீன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போன தடவை பழுப்புன்னியே."

"அப்படியா சொன்னேன்?"

"நீ அவளைப் பாத்தியா, இல்லையா?"

பார்த்தான். எத்தனையோ நேரம் பார்த்தான். காதின் மேல்மடல் ஒரு பக்கம் மடிந்திருந்தது நினைவிருக்கிறது. கட்டைவிரல் நகம் நினைவிருக்கிறது. முடி மட்டும் நினைவில் இல்லை. நிறத்தை வைத்தே சோறு தின்கிறவனுக்குச் சொந்த மகளின் முடி நிறம் தெரியவில்லை என்றால் அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? தன்மேல் வரவேண்டிய கோபத்தை எல்லாரும் செய்வதுபோல அவனும் அடுத்தவர்மேல் திருப்பினான். அந்த வேகத்திலேயே ரென்ஸ்கேவுக்குப் போன் போட்டான்.

"எதுக்குங்க கருப்பு வெள்ளையில குடுத்தீங்க?"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க குடுப்போம்" என்றார் ரென்ஸ்கே. மெத்தென்ற குரல். "கலர்ல பாக்கறது கஷ்டம். தோல் அங்கங்க கன்னிப்போயிருக்கும். உதடு கருத்திருக்கும்."

"யாருக்குக் கஷ்டம்?"

"பெத்தவங்களுக்குத்தான்."

"பெத்தவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான்தானே பெத்தவன், என்கிட்ட கேட்டீங்களா?"

கேமராவில் எடுத்த மூலப் படங்களையாவது கொடுங்கள் என்று கேட்டான். அதை ரா கோப்பு என்பார்கள், அதை எந்தப் படக்காரரும் வெளியே கொடுப்பதில்லை என்றார் அவர். "அரைவேக்காட்டு ரொட்டியை எந்தப் பேக்கரியிலயாவது விப்பாங்களா, சொல்லுங்க."

"ரொட்டி கேக்கலைங்க. என் பொண்ணைக் கேக்கறேன்."

மறுநாள் வேலை உடுப்போடு, கையில் காய்ந்த பெயின்டோடு, அவர் வீட்டு வாசலில் போய் நின்றான். கதவு திறந்தால் என்னென்ன கேட்பது என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தான். ரென்ஸ்கே கதவைத் திறந்தார். கையில் ஏற்கெனவே ஒரு பென்டிரைவ் தயாராக இருந்தது.

"நீங்க வருவீங்கன்னு தெரியும். எல்லாம் இதுல இருக்கு" என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கேமராவையே நான் கருப்பு வெள்ளையில காட்டற மாதிரி வெச்சுக்கிட்டுத்தான் எடுப்பேன். எனக்கும் அந்த நிறம் தெரியாது. தெரிஞ்சுட்டா அடுத்த குழந்தைகிட்ட என்னால போக முடியாதுங்க."

சண்டைக்குப் போன இடத்தில் எதிராளி நல்ல மனுஷியாக இருந்துவிட்டால் அதைப்போல எரிச்சல் வேறு கிடையாது. ஹார்மன் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை மென்று விழுங்கிவிட்டு, நன்றி என்று முணுமுணுத்து, வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான்.

வீட்டில் இருந்தது கணக்கு எழுதும் பழைய லேப்டாப். பென்டிரைவைச் செருகினால் அது எந்தக் கோப்பையும் திறக்க மாட்டேன் என்றது. கூட வேலை பார்க்கும் டர்க்கைக் கேட்டான். டர்க் ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் தடுப்புக் கரையில் படுத்துக் காட்டு வாத்துகளைப் படமெடுக்கிறவன். ஒரு வாத்தைப் பற்றி ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் போய்விடும் என்பதால் அவனிடம் யாரும் படங்களைப் பற்றிக் கேட்பதில்லை.

"பெரிய கம்பெனி சாஃப்ட்வேர் எல்லாம் மாசா மாசம் வாடகை கேக்கும்" என்றான் டர்க். "ஓசியில ஒண்ணு இருக்கு. நல்ல சாமான்தான். ஆனா ஒண்ணு, பழகறதுக்குள்ள லேப்டாப்பை ஜன்னல் வழியா வீசணும்னு தோணும். ஜன்னலைத் தொறந்துட்டு வீசு."

"என்ன படம்னு கேக்க மாட்டியா?"

"தெரியும்டா" என்றான் டர்க். வாத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மென்பொருளை இறக்கி, திறந்து, படங்கள் இருக்கும் இடத்தைக் காட்டியதும் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக ஃபென்னா வந்தாள். எல்லாக் கட்டத்திலும் கருப்பு வெள்ளை. ஹார்மனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டான். உடனே ரென்ஸ்கேவுக்குப் போன் போட்டான். அவர் எடுக்கவில்லை. எடுக்காத போனில் பேசிப் பதிவு செய்தவற்றை இங்கே எழுத முடியாது. அடுத்து டர்க்கைக் கூப்பிட்டுக் கத்தினான்.

"அது முன்னாடி ஒட்டின லேபிள்டா, கேமரா ஒட்டினது" என்றான் டர்க். "டப்பாவுக்குள்ள இருக்கற பெயின்ட் வேற. படத்துமேல ரெண்டு தட்டு தட்டித் திற."

ரெண்டு தட்டு தட்டினான். கட்டம் பெரிதாகித் திரையை நிறைத்தது. ஒரு நொடி கருப்பு வெள்ளையாகவே நின்றது. பிறகு நிறம் வந்தது.

ஹார்மன் எழுந்து போய்ச் சமையல்கட்டுக் குழாயைத் திறந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான். அவன் எதிர்பார்த்தது நிறத்தை. வந்ததும் நிறம்தான். ஆனால் பச்சையேறிப் போன, மங்கல் அடித்த, சேற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது மாதிரியான ஒரு நிறம். முடி கடுகு அரைத்த நிறத்தில் தெரிந்தது. அப்படி ஒரு முடி மனுஷனுக்கு இருக்காது என்பது அவனுக்கே தெரியும். ரென்ஸ்கேவுக்கு மறுபடி போன் போட்டு மன்னிப்புக் கேட்டான். அவன் கேட்ட விதத்தில் அவர் இரண்டாவது தடவையும் திட்டு வாங்கியதாகத்தான் நினைத்திருப்பார்.

அதற்கப்புறம் வசந்தம் முழுக்க, வேலை முடிந்து வந்து உருளைக்கிழங்கைத் தின்று முடித்த கையோடு அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான். எத்தனை பெட்டிகள், எத்தனை பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், பேருக்குக் கீழே இன்னும் பத்துப் பேர். வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு மட்டும் நாலு இடத்தில் நாலு வழி வைத்திருந்தார்கள். ஒரு சாதாரண மனுஷன் வந்து உட்காருவான் என்று இதைச் செய்தவர்கள் யாராவது நினைத்தார்களா என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். ஓசியில் கொடுத்தவர்களைத் திட்டக்கூடாது என்று யோரீன் பக்கத்து அறையிலிருந்து சொன்னாள். ஓசியில் கொடுத்தால் எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாமா என்று இவன் திருப்பிக் கேட்டான். அவன் கேட்டது மென்பொருளை மட்டும் இல்லை, ரென்ஸ்கே கொடுத்த படங்களையும்தான் என்பது அவளுக்குப் புரிந்தது.

ஒரு நாள் எதையோ இழுக்கப் போய் வேறெதையோ இழுத்துவிட்டான். ஃபென்னாவின் கன்னம் கடைப் பொம்மை மாதிரி ரோஜா நிறமாகிவிட்டது. பழையபடி ஆக்கத் தெரியவில்லை. சேமிக்காமல் மூடிவிடலாம் என்றால் சேமிக்கும் பொத்தானே எங்கும் இல்லை. மூடிவிட்டுத் திறந்தால் அதே ரோஜாக் கன்னம். படத்தில் மிஞ்சிய மகளையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்ற பயத்தில் டர்க்கைக் கூப்பிட்டான்.

"ஒண்ணும் ஆகல, ஒக்காரு" என்றான் டர்க். "இது ஒரிஜினலைத் தொடவே தொடாது. நீ அடிக்கற கூத்தையெல்லாம் பக்கத்துல ஒரு சின்னக் கோப்புல எழுதி வெச்சுக்கும், அவ்வளவுதான். நீ செஞ்சதெல்லாம் இருக்கற பட்டியல்ல ஆக அடியில இருக்கற வரியைத் தட்டு. எல்லாம் அழிஞ்சிடும்."

"நான் என்ன தப்பு செஞ்சாலும் அவளுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாதுடா."

ஹார்மன் போனை வைத்தான். அதன் பிறகுதான் அவனுக்குப் பயம் விட்டது. துணிந்து எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தான். அப்படித்தான் வெப்பநிலை என்ற பட்டையைப் பிடித்தான். அதை ஒரு பக்கம் தள்ளினால் படம் நீலம் பூத்தது, மறுபக்கம் தள்ளினால் மஞ்சள் ஏறியது. நீலம் ஏறினால் ஃபென்னாவின் முடி சாம்பல். நடுவில் நிறுத்தினால் பழுப்பு. இந்தப் பக்கம் வந்தால் வைக்கோல். அவன் யோரீனிடம் சொன்ன பொய்கள் எல்லாம் அந்த ஒரே பட்டையில் வரிசையாக இருந்தன. எதில் நிறுத்தினாலும் மென்பொருள் சரி என்றது.

"எந்த இடம் சரின்னு அதுவே சொல்லாதா?" என்று டர்க்கைக் கேட்டான்.

"கேமராவுக்கு நிறம் தெரியாதுடா. எவ்வளவு வெளிச்சம் உள்ள வந்துச்சுன்னு மட்டும் எழுதி வெச்சிருக்கு. அந்த ரூம்ல எந்த விளக்கு, எது வெள்ளைன்னு நீதான் சொல்லணும்."

"நான்தான் சொல்லணுமா? தெரியாமத்தானே கேக்க வந்தேன். என்கிட்டயே திருப்பிக் கேட்டா என்னடா அர்த்தம்?"

இந்த மென்பொருளை வைத்திருப்பவர்கள் கூடும் இணையத் தளம் ஒன்று இருப்பதாகவும், அங்கே கேட்டால் சொல்வார்கள் என்றும் டர்க் சொன்னான். ஹார்மன் அங்கே போய் எழுதினான். என்ன படம் என்று எழுதவில்லை. ஆஸ்பத்திரி அறையில் எடுத்தது, வேறொருவர் எடுத்தது, முடியின் சரியான நிறம் வேண்டும் என்று மட்டும் எழுதினான். ஒருவர் பதில் போட்டிருந்தார். 'அடுத்த தடவை படமெடுக்கும்போது நிறத்தை ஒப்பிட்டுச் சரிசெய்யப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை வைத்து எடுங்கள். இந்தப் பிரச்சினையே வராது.'

அடுத்த தடவை. இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்திருந்தது. தபால்காரர் சொன்னார். பல் டாக்டர் வாயில் கம்பியை விட்டுக்கொண்டே சொன்னார். அவன் அம்மா அடக்கத்துக்கு மறுநாளே சொன்னாள், 'உங்களுக்குச் சின்ன வயசு, அடுத்த தடவை எல்லாம் நல்லபடியா நடக்கும்' என்று. ஃபென்னா என்னவோ தீய்ந்துபோன கேக் மாதிரியும், மாவு பிசைந்து இன்னொன்று அடுப்பில் வைத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்பது போலவும் பேசினார்கள். முகம் தெரியாத அந்த ஆளுக்குப் பதில் எழுத விரல் துடித்தது. எழுதப் போனவன் கீழே இன்னொரு வரி இருப்பதைப் பார்த்தான். 'படத்தில் வெள்ளையாக ஏதாவது இருந்தால், சொட்டுக்குழாய் மாதிரி இருக்கும் பைப்பெட் குறியை எடுத்து அதன்மேல் தட்டிப் பாருங்கள்.'

ஃபென்னாவைச் சுற்றியிருந்த கம்பளித் துணி கண்ணுக்கு நேரே இருந்தது. குறியை எடுத்து அதன்மேல் தட்டினான். துணி பளிச்சென்று வெள்ளையாகியது. படம் முழுக்கப் பச்சை போய்விட்டது. முடி சாம்பல் பூத்த கருப்பு. ஹார்மன் நாற்காலியில் சாய்ந்தான். இதுதான், முடிந்துவிட்டது. யாரிடமும் கெஞ்சாமல் தானே கண்டுபிடித்துவிட்டான். சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு போய் யோரீன் முன்னால் வைத்தான்.

"கருப்பு" என்றான். "சாம்பல் கலந்த கருப்பு. இந்தத் தடவை நான் சொல்லல, கணக்குப் போட்டு வந்திருக்கு."

யோரீன் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். அவள் முகம் இறுகியது.

"இது யாரு?"

"என்ன கேள்வி இது?"

"செத்த பிள்ளை மாதிரி இருக்கு."

யோரீன் விரலைத் திரைமேல் வைத்தாள்.

"இந்தத் துணியை ஏன் இப்படிப் பண்ணி வெச்சிருக்க?"

"அது வெள்ளைத் துணி. அதை வெச்சுத்தான் மத்த நிறமெல்லாம்..."

"வெள்ளைன்னு யார் சொன்னா?" யோரீன் குரல் உயர்ந்தது. "குளிர்காலம் பூரா உன் பக்கத்துல ஒக்காந்து பின்னினேனே, அது வெள்ளையா? அப்பாவோட ஆட்டுக் கம்பளி. சாயமே போடாதது. ஊரெல்லாம் போய் எந்த வெள்ளை, எந்த வெள்ளைன்னு சண்டை போடுவியே. சொந்தப் பொண்ணு துணிக்கு மட்டும் சும்மா வெள்ளை அடிச்சிட்டியா?"

ஊர்க்காரர்களிடம் இத்தனை வருஷம் கத்தியதெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து ஹார்மன் தலையில் இறங்கியது.

யோரீன் எழுந்து மாடிக்குப் போனாள். தொட்டில் போட்டிருந்த, சாத்திக்கிடந்த அந்தச் சின்ன அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிப்ரவரியிலிருந்து அந்தக் கதவை இரண்டு பேரும் தொட்டதில்லை. ஹார்மன் படிக்கட்டின் கீழே நின்றான். மேலே போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்கி வந்தபோது அவள் கையில் மிச்சக் கம்பளி உருண்டை இருந்தது.

"இந்தா. இதைப் பாத்து அதைக் கொண்டுவா."

இந்தப் படத் தொழிலில் விவரம் தெரிந்தவர்கள் அப்புறம் நடந்ததைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். லேப்டாப்பை ஜன்னலோரம் கொண்டுபோனார்கள். வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து வைத்தார்கள். யோரீன் கம்பளி உருண்டையைத் திரையின் ஓரத்தில் ஒட்டினாற்போலப் பிடித்தாள். ஹார்மன் பட்டையை நகர்த்தினான். கையிலிருக்கும் கம்பளியும் திரையிலிருக்கும் கம்பளியும் ஒன்றாகத் தெரியும் இடத்தைத் தேடினார்கள்.

"ரொம்ப மஞ்சள். அப்பா ஆடு அவ்வளவு அழுக்கு இல்ல."

"இப்ப?"

"பச்சை அடிக்குது."

"பச்சைக்கு வேற பட்டை. இரு. இப்ப?"

"இன்னும் கொஞ்சம். கொஞ்சம்னு சொன்னேன், அவ்வளவு இல்ல. பெயின்ட்காரன் கையா இது? பின்னாடி வா. இன்னும். நிறுத்து."

நிறுத்தினான். இரண்டு பேரும் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறெதையும் கவனிக்கவில்லை. யோரீன்தான் முதலில் கண்ணை எடுத்து மேலே பார்த்தாள்.

ஃபென்னாவின் முடி செம்பட்டை. மங்கிய செம்பட்டைகூட இல்லை. நெற்றிக்கு மேலே சுருண்டு, ஒரு பக்கம் காய்ந்து எழும்பி நின்ற, நல்ல செம்புக் கம்பி நிறச் செம்பட்டை. இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத நிறம். ஆஸ்பத்திரியின் கீழ் அறையில் அந்த முடியைத் தடவியது இப்போது ஹார்மன் கைக்கு நினைவு வந்தது. பார்த்திருக்கிறான். இது நம் பிள்ளைக்கு எப்படி வரும் என்று அப்போதே ஒதுக்கிவிட்டிருக்கிறான்.

"சிவப்பு" என்றாள் யோரீன். அவள் அழவில்லை. "இவ்வளவு முடியா? இத்தனை நாளா இதை எங்கிட்ட காட்டாம வெச்சிருந்தாங்களா?" அவளுக்குக் கோபம் வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவளுக்கு வந்த முதல் நல்ல கோபம் அது. ஹார்மனுக்கு அதைப் பார்த்து ஆறுதலாக இருந்தது.

உதடுகள் இப்போது கருநீலமாகத் தெரிந்தன. கன்னத்தில் ஒரு கன்றிப்போன திட்டு இருந்தது. ரென்ஸ்கே பொய் சொல்லவில்லை. ஹார்மன் பழக்க தோஷத்தில் தூரிகைக் குறியை எடுத்து உதட்டுப் பக்கம் கொண்டுபோனான். கொஞ்சம் நிறத்தைத் தூக்கிவிட்டால் போதும், வெளியே தெரியாது.

யோரீன் அவன் கையைப் பிடித்துவிட்டாள். "விடு. அவ வாய் அப்படித்தான் இருந்துச்சு."

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, முன்னறையின் ஜன்னல் விளிம்பில், பூந்தொட்டிகளுக்கு நடுவே வைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டம்மா சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து எதிர்ப்பக்கமாகப் போக ஆரம்பித்தாள். போகட்டும் என்று விட்டார்கள்.

ஜூனில் யோரீனின் பிறந்தநாள் வந்தது. ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். வந்தவர்கள் வழக்கம்போல வட்டத்தைச் சுற்றி வந்து எல்லாருக்கும் கைகொடுத்தார்கள். ஹார்மனுக்கு மனைவியின் பிறந்தநாள் வாழ்த்து, அவள் அப்பாவுக்கு மகளின் பிறந்தநாள் வாழ்த்து, ஹார்மனின் அம்மாவுக்கு மருமகளின் பிறந்தநாள் வாழ்த்து. காபி வந்தது, ஆளுக்கொரு துண்டு கேக் வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். டர்க் வாத்தைப் பற்றி ஆரம்பித்தபோது ஒருவரும் தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் மட்டும் யாரும் பார்க்கவில்லை. அந்தப் படம் இருக்கும் திசையை விட்டுவிட்டு மற்ற எல்லாத் திசையிலும் கண்ணை ஓட்டினார்கள். ஹார்மனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு நிமிஷம் இப்படியே போனால் கேக் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவான் என்று யோரீனுக்குத் தெரிந்தது. தடுக்கலாமா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஹார்மனின் அம்மா கைப்பையைத் திறந்து படிக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். எழுந்து ஜன்னலிடம் போனாள். குனிந்தாள். இந்தக் கிழவி நான்கு மாதமாக ஃபென்னா என்ற பேரைச் சொன்னதில்லை. 'நடந்தது' என்றுதான் சொல்வாள்.

"செம்பட்டை" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல். வட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க பக்கத்துல யாருக்கும் செம்பட்டை கிடையாது."

யோரீனின் அப்பா கோப்பையை வைத்தார். "அப்ப எங்க பக்கம்னு சொல்றீங்களா, சம்பந்தி? எங்க வம்சத்துலயும் ஒருத்தருக்கும் கிடையாது. கல்லறை வரைக்கும் தோண்டிப் பாத்துக்குங்க."

"உங்க பெரியப்பா ஒருத்தர் இருந்தாரே, கப்பல்ல போனவர்."

"அவருக்கு மொட்டை."

"மொட்டை ஆகறதுக்கு முன்னாடி என்ன நிறம்னு யாருக்குத் தெரியும்?"

"உங்க அத்தை மகன் தாடி என்ன நிறம்? ஈஸ்டர் அன்னிக்கு நான்தான் பாத்தேனே, துரு மாதிரி."

"அது தாடி. தாடியெல்லாம் கணக்கில்ல."

"தாடி கணக்கில்லன்னு எந்த டாக்டர் சொன்னார்?"

வட்டத்தில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கோப்பையும் கையுமாக ஜன்னலைச் சுற்றி நின்று, ஃபென்னாவை உற்று உற்றுப் பார்த்தார்கள். காது யோரீன் காது என்றார் ஒருவர், மோவாய் சந்தேகமில்லாமல் ஹார்மன் என்றார் இன்னொருவர். ஹார்மன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. யோரீன் தன் அப்பாவுக்கும் மாமியாருக்கும் நடுவே புகுந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து, தாடியெல்லாம் கணக்குத்தான் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல இந்த முடிக்கு எப்படிக் கேலி பண்ணியிருப்பாங்க தெரியுமா?" என்று டர்க் வாய் தவறிச் சொல்லிவிட்டான். சொன்ன மாத்திரத்தில் அவன் முகம் செத்துப்போனது.

ஹார்மனின் அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். டர்க்கை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"எவன் கேலி பண்ணுவான்?" என்றாள். "என் பேத்தியையா? எவன்னு சொல்லு. காதைத் திருகி அவன் அம்மா கையில குடுத்துட்டு வரேன்."